எல்லாத் திரையும் பச்சை

"நெட்வொர்க் பிரச்சினை" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னமும் இடுப்பு வலிக்கிறது. ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டே ஓய்வுபெற்றவள் நான். பிரின்ட் வரவில்லையா, நெட்வொர்க் பிரச்சினை. கேன்டீனில் கார்டு ஒத்துக்கொள்ளவில்லையா, நெட்வொர்க் பிரச்சினை. ஒருவர் ஷிஃப்டுக்குத் தாமதமாக வந்தாலும் அதேதான் காரணம். எழுந்து, அந்த நீளமான ஷெட்டை வெயிலில் நடந்து கடந்து போய்ப் பார்த்தால், பிளக் கழன்று கிடக்கும். இப்போது குன்றத்தூரில் வீட்டோடு இருக்கிறேன். வீட்டு வைஃபை போனால் என்னைக் கூப்பிடக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீங்கள் எல்லாம் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். எந்த சர்வர், எந்தக் கேபிள், எந்த மென்பொருள் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் போனில் தேடினால் கிடைத்துவிடும். எனவே அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அதைச் சொல்வதற்கே எனக்குக் களைப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் கார் சீட்டுக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்து, பக்கத்திலேயே இருக்கும் கார் கம்பெனிக்கு அனுப்புவோம். வெல்டிங் முடிந்த சட்டங்களைப் பரிசோதிக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டேப், அதாவது டேப்லெட், இருக்கும். ஒரே தொகுதியாக வரும் சட்டங்களை லாட் என்போம். ஒரு லாட் சரியாக இருந்தால் பச்சை. சந்தேகம் என்றால் சிவப்பு. அதற்கு ஹோல்டு என்று பெயர். யாராவது ஒருவர் ஹோல்டு போட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லா டேபிலும் அந்த லாட் சிவப்பாகிவிட வேண்டும். ஷெட்டின் நடுவில் தொங்கும் பெரிய திரையிலும், லாரியில் ஏற்றுகிற டிஸ்பேட்சிலும், கஸ்டமரான அந்தக் கார் கம்பெனியின் கேட்டில் சரக்கை உள்ளே விடுகிற இடத்திலும் சிவப்பாக வேண்டும். அத்தனை இடத்திலும் ஒரே நேரத்தில் ஒரே தகவல் இருக்கவேண்டும். அதுதான் என் வேலை, இப்போது உங்கள் வேலை.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது தெரியுமா? ஒருவர் இந்தக் கோடியில் இருந்து கையை ஆட்டிக் கத்துவார். அந்தக் கோடியில் இருப்பவருக்கு வெல்டிங் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. தலையை ஆட்டிவிட்டு லாரியில் ஏற்றிவிடுவார். அந்தக் கூத்துக்கு முடிவுகட்டினோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் தொழிற்சாலையில் மதியத்துக்குமேல் லைனை நிறுத்தி, எல்லா மெஷினையும் துடைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஓய்வு. ரோபோவுக்கு மாலை போடுவார்கள், ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள். தூணில் மாட்டியிருக்கிற என் வைஃபை பெட்டிகளுக்கும் ஏணி போட்டு ஏறிச் சந்தனம் வைப்பார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நானே நின்றிருக்கிறேன். டேப்களைத் திரட்டி, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பார்கள்.

கற்பூரம் காட்டி முடிந்ததும் போணி. முன்பெல்லாம் மெயின் சுவிட்சை மறுபடி போட்டு, ஒவ்வொருவரும் தங்கள் மெஷினை ஒரு தடவை ஓட்டி ஒரு பீஸ் எடுப்பார்கள். டேப் வந்தபிறகு, எங்கள் ஜி.எம். ஒவ்வொரு டேபிலும் பச்சைப் பட்டனை ஒருமுறை தொடுவது என்று ஆகிவிட்டது. பூஜை முடிந்து முதலில் தொடுவது பச்சையாக இருக்கட்டுமே என்று யாரோ ஆரம்பித்துவைத்தார்கள், அப்படியே வழக்கமாகிவிட்டது. டேபில் எந்த லாட்டும் திறந்திருக்காது என்பதால், பச்சையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. கைதட்டுவார்கள், பொரி கொடுப்பார்கள், ஸ்வீட் பாக்ஸோடு பஸ் ஏறுவோம். பூஜைமேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. எங்கள் ஷெட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு நாளில்தான்.

அந்த வருடம், லைனை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டெல்லா ஒரு லாட்டுக்கு ஹோல்டு போட்டாள். ஸ்டெல்லா பென்னலூர்ப் பெண். சீனியர் இன்ஸ்பெக்டர் என்று பெயர்தான், ஆள் கான்ட்ராக்ட். அந்த முறை பர்மனென்ட் லிஸ்டில் அவள் பெயர் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் அப்பா படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மகள் பர்மனென்ட் ஆகப்போகிறாள் என்று ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாராம். ஹோல்டு போட்டதும் எல்லாத் திரையிலும் அந்த லாட் சிவப்பானது. நானே பெரிய திரையில் பார்த்தேன், ஆனால் எந்த லாட் என்று கவனிக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ சிவப்பு வரும், போகும்.

உடனே அவர்கள் சூப்பர்வைசர் தனசேகர் வந்து கையை நீட்டினார். "டேப்ப குடும்மா, ஐயரு வந்துகினே கீறாரு. நீ போய் பொரி கட்டு."

அவளும் கொடுத்துவிட்டு, பொரி பொட்டலம் கட்டுகிற பெண்களோடு போய் உட்கார்ந்துவிட்டாள். பூஜை நடந்தது. விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பி வந்தோம்.

முதல் நாள் காலை எனக்கு எப்போதும் பதற்றமாக இருக்கும். அணைத்துவைத்த பெட்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாக விழித்து எழ வேண்டும். அன்று எல்லாம் ஒழுங்காக எழுந்தன. உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று நினைத்தபோது ஸ்டெல்லா ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"மேடம், அன்னிக்கு நான் ஹோல்டு போட்டேன்ல, அந்த லாட்டு பச்சையா கீது மேடம்."

"யாராவது ரீவொர்க் பண்ணி, சரியாக்கி, ஹோல்டை எடுத்திருப்பாங்க."

"லீவுல யாரு மேடம் ரீவொர்க் பண்ணாங்க? வண்டில வேற ஏத்தி அனுப்பிட்டாங்க."

கம்ப்யூட்டரில் பார்த்தேன். சர்வரில் பச்சை. டிஸ்பேட்சில் பச்சை. பெரிய திரையில் பச்சை. கஸ்டமர் கேட்டிலும் பச்சை.

"எல்லாத்துலயும் பச்சைதான் இருக்கு ஸ்டெல்லா."

"அதான் மேடம் பயமா கீது."

அதற்குள் தனசேகரும் வந்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்றைய கணக்கு அன்றைக்கு முடிய வேண்டும் என்று ஓடுகிற மனிதர். "இன்னா மேடம் இது? சிஸ்டம் பச்சைன்னு சொல்லுது. வண்டி போயிகினு கீது. இப்ப நிறுத்துனா கஸ்டமர் லைன் நின்னுடும். யாரு பதில் சொல்றது, நீங்களா நானா?" என்றார்.

அந்த இடத்தில் நான் என்ன யோசித்தேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மற்றதெல்லாம் கதை.

ஒரு பக்கம் அத்தனை திரை இருந்தது. இன்னொரு பக்கம் ஒரே ஒரு பெண். எண்ணிப் பார்த்தால் திரைதான் ஜெயிக்கும். ஆனால் அந்தத் திரைகளை ஒன்றாகப் பேசவைத்தவளே நான்தான். எங்கோ ஒரு இடத்தில் யாரோ ஒரு தடவை அழுத்தியதை அவை எல்லாம் திருப்பிச் சொல்கின்றன, அவ்வளவுதான். ஒரே ஆள் சொன்னதைப் பத்துப் பேர் திருப்பிச் சொன்னால் பத்து சாட்சி ஆகிவிடாது. இதை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லவில்லை. அன்றுதான் எனக்கே உறைத்தது.

ஸ்டெல்லாவிடம், "என்ன பார்த்து ஹோல்டு போட்டே?" என்று கேட்டேன்.

"முதுகு சாயுற எடத்துல வெல்டு விட்டிருந்துச்சு மேடம். முடி மாதிரி ஒரு கோடு. அஞ்சாறு பீஸ்ல பாத்தேன்."

தவறாக நிறுத்தினால் கஸ்டமர் லைன் கொஞ்ச நேரம் நிற்கும். திட்டுவார்கள், அபராதம் போடுவார்கள், ஒரு வாரம் யாரும் முகம்கொடுத்துப் பேச மாட்டார்கள். நிறுத்தாமல் விட்டால் அந்தச் சட்டம் சீட்டுக்குள் போய்விடும். மேலே துணி மூடிவிடும். பிறகு யாருக்கும் தெரியாது. என்றைக்கோ எந்த ரோட்டிலோ யாரோ பிரேக் போடும்போதுதான் தெரியும். இந்த இரண்டையும் எடைபோட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் பயம் இருந்தது.

எங்கள் வழக்கத்தில் ஹோல்டு போடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சந்தேகப்பட்டவர் போடலாம். எடுப்பதற்குத்தான் ஸ்டெல்லா மாதிரி சீனியர் இன்ஸ்பெக்டர் வேண்டும். "மறுபடியும் போடு" என்றேன்.

அவள் தனசேகரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லிஸ்ட்ல பேர் கீது மேடம்" என்றாள், மெதுவாக.

"தெரியும். நான் பக்கத்துலயே நிக்கிறேன். போடு."

போட்டாள். பெரிய திரை சிவப்பானது. கஸ்டமர் கேட்டில் லாரியை உள்ளே விடாமல் நிறுத்திவிட்டார்கள். அடுத்த நிமிடத்திலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. தனசேகருக்கு, எனக்கு, ஜி.எம்.முக்கு. யார் நிறுத்தியது, ஏன் நிறுத்தியது, யார் பொறுப்பு. நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது. கஸ்டமர் லைன் நின்றது.

எங்கள் ஆட்கள் போய் லாரியிலேயே ஏறி, பீஸ் பீஸாகப் பார்த்தார்கள். விரிசல் இருந்தது. அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன மாதிரி.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் உங்களுக்கு எழுதவே மாட்டேன். நல்லபடியாக முடிந்த விஷயங்களில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. மதியம் எச்.ஆர். அதிகாரி விசாரணையை ஆரம்பித்தார். விரிசல் உள்ள லாட்டுக்கு யார் பச்சை கொடுத்தது? பதிவை எடுத்தார்கள். அன்று காலை, ஸ்டெல்லாவின் பெயரில், ஸ்டெல்லாவின் டேபிலிருந்து. அவள் வந்து டேபைக் கையில் எடுத்த அதே நேரம்.

எச்.ஆருக்குக் கதை பொருந்திவிட்டது. இவளே ஹோல்டு போட்டாள், காலையில் தூக்கக் கலக்கத்தில் இவளே எடுத்துவிட்டாள், வண்டி போனதும் பயந்துபோய் மறுபடி போட்டாள், இப்போது எனக்குத் தெரியாது என்கிறாள். கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். எனக்கே ஒரு கணம் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. சாயங்காலம் அவள் கேட் பாஸை முடக்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை அவளுடைய டேபை எடுத்துவந்து என் மேஜையில் வைத்துக்கொண்டேன். ஸ்பீக்கர் ஓட்டைகளில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான், எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது.

பதிவில் இருக்கும் நேரம், தகவல் சர்வருக்கு வந்துசேர்ந்த நேரம். விரலால் அழுத்திய நேரம் அது இல்லை. வைஃபை இருந்தால் இரண்டும் ஒன்றுதான், யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. வைஃபை இல்லாதபோது அழுத்தினால், டேப் அதைத் தனக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருக்கும். வைஃபை வந்த நொடியில் அனுப்பிவிடும். அழுத்திய நேரம் அந்த டேபுக்குள் மட்டும்தான் இருக்கும். திறந்து பார்த்தேன். பூஜை நாள். கற்பூரம் காட்டி முடிந்த நேரம்.

எனக்கு ஆத்திரம் வரவில்லை. அப்படியே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். டேப் அவள் பெயரிலேயே, அவள் திறந்துவைத்த லாட்டோடு இலையில் இருந்திருக்கிறது. ஜி.எம். போணிக்குப் பச்சையைத் தொட்டிருக்கிறார். ஹோல்டை நிச்சயமாக எடுக்கலாமா என்று டேப் மறுபடி கேட்டிருக்கிறது. அதற்கும் ஒரு பச்சைப் பட்டன்தான். அதையும் தொட்டிருக்கிறார். நாங்கள் எல்லோரும் கைதட்டியிருக்கிறோம். மெயின் சுவிட்ச் அணைந்து வைஃபை இல்லாததால் அந்தப் பச்சை விடுமுறை முழுவதும் டேபுக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, காலையில் நான் பெட்டிகளை எழுப்பியதும் எல்லா இடத்துக்கும் ஓடிவிட்டது.

ஜி.எம். அறைக்குத் தனியாகப் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதுதான் மரியாதை. ஆனால் தனியறையில் சொன்னது தனியறையிலேயே தங்கிவிடும் என்று எனக்கு அனுபவம் உண்டு. விசாரணையிலேயே சொல்வது என்று முடிவுசெய்தேன். ஓய்வுபெற எனக்குச் சில வருடங்கள்தான் பாக்கி இருந்தன. அந்த வருடங்களை நிம்மதியாகக் கழிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை அன்றே கைவிட்டேன்.

கான்ஃபரன்ஸ் அறையில் ஜி.எம்., எச்.ஆர்., தனசேகர், நான். ஸ்டெல்லாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

டேபை மேஜையில் வைத்து, "இந்த லாட்டை ரிலீஸ் பண்ணது நேத்து காலைல இல்ல. பூஜை அன்னிக்கு. கற்பூரம் காட்டின உடனே. அப்ப இந்த டேப் இலையில இருந்துச்சு. ஸ்டெல்லா பொரி கட்டிக்கிட்டு இருந்தா" என்றேன்.

"அப்ப யாரு மேடம் அழுத்தினது?" என்று கேட்டார் எச்.ஆர். அவர் புதிதாகச் சேர்ந்தவர், பூஜையில் இல்லை.

தனசேகர் தன் போனைக் குப்புறத் திருப்பி வைத்தார், மறுபடி நிமிர்த்தி வைத்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"நான்தான்" என்றார் ஜி.எம். "போணி பண்ணது நான்தானே. ரெண்டு தடவை கேட்டுச்சு. ரெண்டு தடவையும் அமுக்கினேன். என்னன்னு படிக்கல."

அந்த மனிதர்மேல் எனக்கு அந்த நிமிடத்தில் பெரிய மரியாதை வந்தது. அது கொஞ்ச நேரம்தான் நிலைத்தது. ஏனென்றால் எச்.ஆர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், கஸ்டமருக்குப் போற ரிப்போர்ட்ல பூஜைன்னெல்லாம் போட முடியாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் அன்பாக, "நெட்வொர்க் தாமதம்னு போட்டுடலாம் மேடம். யாருக்கும் பாதிப்பு இல்ல. நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்" என்றார்.

ஜி.எம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்தத் தொழிற்சாலையில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது நெட்வொர்க் ஒன்றுதான். கொடுத்ததை வாங்கிக்கொண்டது, வழி இல்லாதபோது காத்திருந்தது, வழி கிடைத்ததும் ஒருவரையும் விடாமல் எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் தலையில் பழியைப் போட்டால் யாருக்கும் பாதிப்பு இல்லை என்பது உண்மைதான். அதனால்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நெட்வொர்க் என்று எழுதிவிட்டால் போணியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அடுத்த வருடமும் இலையில் ஒரு டேப் திறந்து கிடக்கும். அடுத்த தடவை ஸ்டெல்லா மாதிரி ஒருத்தி ஓடிவருவாள் என்று என்ன நிச்சயம்?

என் கையெழுத்து இல்லாமலே ரிப்போர்ட் போனது. காரணம், நெட்வொர்க் தாமதம். தீர்வு, புதிய வைஃபை பெட்டிகள். வாங்கிக் கொடுத்தார்கள். பழைய பெட்டிகளுக்கு ஒரு குறையும் இல்லை. கழற்றிவைத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். சொன்ன வேலையைச் செய்ய வேண்டுமல்லவா?

நான் எனக்குத் தெரிந்த இரண்டு காரியங்களைச் செய்தேன். ஹோல்டை எடுக்க இரண்டு பேர் இரண்டு டேபில் அழுத்த வேண்டும் என்று மாற்றினேன். போணிக்கென்று உடைந்த டேப் ஒன்றை ஒதுக்கிவைத்தேன். அது நெட்வொர்க்கில் எதனோடும் சேராது, பச்சையை மட்டும் காட்டும். அடுத்த வருடம் ஜி.எம். அதைத் தொட்டார், நாங்கள் கைதட்டினோம்.

இனி ஸ்டெல்லா விஷயம். ஜி.எம். ஒப்புக்கொண்ட அன்றே அவள்மேல் தப்பு இல்லை என்று முடிவாகிவிட்டது. மறுநாள் கேட் பக்கம் போனபோது, செக்யூரிட்டி அறைக்கு வெளியே ஷீட் நிழலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். சீருடையில், சாப்பாட்டுப் பையோடு.

"ஏன் இங்க நிக்கிறே? உள்ள வர வேண்டியதுதானே?"

"பாஸ் வெச்சா சிவப்பு வருது மேடம். அவரு விடமாட்டறாரு."

செக்யூரிட்டிக்காரர் பாவம், "திரையில இன்னா வருதோ அதான் மேடம் எனக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விசாரித்தேன். பாஸை முடக்குவதற்கு எச்.ஆர். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். அந்த நொடியிலேயே மூன்று கேட்டுக்கும், கேன்டீனுக்கும், கம்பெனி பஸ்ஸுக்கும் போய்விடும். அதுவும் நான் போட்ட வழிதான். முடக்கியதை எடுக்க கான்ட்ராக்டர் ஒரு கடிதம் தர வேண்டும், எச்.ஆர். ஒப்புதல் தர வேண்டும், செக்யூரிட்டி மேலாளர் ஒப்புதல் தர வேண்டும். கான்ட்ராக்டர் ஊரில் இல்லை. எச்.ஆர். மீட்டிங்கில் இருந்தார். நான் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினேன். தப்பு போவதற்கு நான் அவ்வளவு அகலமாக ரோடு போட்டு வைத்திருந்தேன். திருத்தம் போவதற்கு என் கால்தான் இருந்தது.

அன்று வேலை முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. இடையில் ஒரு மதியம் அவளோடு கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்தேன்.

"வூட்ல சொல்லல மேடம்" என்றாள். "டெய்லி பஸ் ஏறி வந்துட்டு, ஷிஃப்டு முடியிற நேரத்துக்குத் திரும்பிப் போறேன். எங்கப்பாகிட்ட இன்னான்னு சொல்றது? நான் எதுவும் பண்ணல, ஆனா உள்ள விடமாட்டறாங்கன்னா? ஏதோ பண்ணியிருப்பேன்னுதான நெனைப்பாரு."

என்னால் டீயைக் குடிக்க முடியவில்லை. அவளுக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

அவள் பாஸ் பச்சையாவதற்குள் பர்மனென்ட் லிஸ்ட் முடிந்துபோனது. முடிவான அன்று அவள் முடக்கத்தில் இருந்ததால் கம்ப்யூட்டரே அவள் பெயரை விட்டுவிட்டது. யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை. ஜி.எம். வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த லிஸ்டில் அவளைச் சேர்த்தார்கள். அடுத்த லிஸ்ட் வர ஒரு வருடத்துக்குமேல் ஆனது.

உங்களுக்குப் புத்திசொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எத்தனை கருவி, எவ்வளவு சீக்கிரம் ஒன்றாகும் என்று. ஒன்றாக்குவது கஷ்டமான வேலை, அதில் சந்தேகம் இல்லை, நான் அதற்காக முதுகை ஒடித்துக்கொண்டவள். ஆனால் எல்லாத் திரையும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிற நேரத்தில், எதிரே ஒருவர் மூச்சுவாங்க வந்து இல்லை என்று சொன்னால், முதலில் எழுந்து நில்லுங்கள். அவர் தப்பாகவே இருக்கட்டும். நின்று கேளுங்கள். பதிவைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். அனுப்புவதற்கு ஒரு வழி போடும்போதே, திரும்ப எடுப்பதற்கும் அதே அகலத்தில் ஒரு வழி போடுங்கள். நான் போடவில்லை, எனக்கு யாரும் சொல்லவில்லை என்று இப்போது சொல்லிப் பயன் இல்லை.

நான் வேலையைவிட்டு வருவதற்குச் சில வாரங்கள் முன்னால் ஒருநாள், ஸ்டெல்லா ஹோல்டு போடுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். அப்போது அவள் பர்மனென்ட் ஆகிவிட்டிருந்தாள். சிவப்பை அழுத்தினாள். பெரிய திரை சிவப்பானது. டேபை மேஜையில் வைத்துவிட்டு, ஷெட்டின் அந்தக் கோடிவரை நடந்தாள். டிஸ்பேட்சில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஏழுமலையை வண்டியை நிறுத்தச் சொல்லி, "அண்ணா, அந்த லாட்ட தொடாதீங்க. நான் வந்து சொல்றவரைக்கும் தொடாதீங்க" என்று வாயால் சொல்லிவிட்டு, அவர் தலையாட்டும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இவ்வளவு வருடம் பாடுபட்டது இந்த நடையைக் குறைக்கத்தானே என்று தோன்றியது. வழியில் நிறுத்திக் கேட்டேன்.

"இன்னும் ஏன் ஸ்டெல்லா நடக்கிறே? அதான் ஹோல்டை எடுக்க ரெண்டு பேர் அழுத்தணும்னு மாத்திட்டேனே. இப்ப சிஸ்டம் சரியாத்தானே இருக்கு?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபம் எதுவும் அதில் இல்லை.

"அன்னிக்கும் சரியாத்தான் மேடம் இருந்துச்சு" என்றாள்.